ஒருவர் சமைத்தால் போதும்

மீடியாவிக்கி என்றாலே எனக்கு முகம் மலர்ந்துவிடும். 2020 ஜனவரியிலேயே 60 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட ஆங்கில விக்கிப்பீடியாவும், நம் தமிழ் விக்கிப்பீடியாவும், என் பழைய லேப்டாப்பில் இருக்கும் குட்டி விக்கியும் ஓடுவது இந்த ஒரே மென்பொருளில்தான்! யார் வேண்டுமானாலும் மூலநிரலைத் திறந்து, இவ்வளவு பெரிய பாரத்தை எப்படித் தாங்குகிறது என்று படித்துக்கொள்ளலாம்.

நான் மயங்கிப்போன பகுதி பூல்கவுன்டர். அதன் கதை 2009 ஜூன் 25-இல் தொடங்குகிறது. மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும் எல்லோரும் அவருடைய கட்டுரையைத் திறந்தார்கள். வாசிக்கும் கூட்டம் மட்டும் என்றால், முன்னால் நிற்கும் கேஷ் சர்வர்கள் தயாராக உள்ள பக்கத்தையே எடுத்து நீட்டிச் சமாளித்திருக்கும். ஆனால் ஆளாளுக்குக் கட்டுரையைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்தோடும் கேஷில் இருந்த பிரதி செல்லாமல் போனது. மேற்கோள்களும் வார்ப்புருக்களும் நிறைந்த அந்த நீளமான கட்டுரையை மறுபடி பக்கமாக்கப் பல வினாடிகள் பிடிக்கும். அதற்குள் வந்த ஒவ்வொருவருக்காகவும் சர்வர்கள் அதே வேலையைத் தனித்தனியே தொடங்கின. பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு மூட்டி அதே சாம்பாரைக் காய்ச்சியது போல! தளம் திணறிவிட்டது.

அதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வுதான் பூல்கவுன்டர். எத்தனை எளிமை! ஒரு பக்கத்தை ஓரிரு ப்ராசஸ்கள் மட்டும் தயாரிக்கும். மற்றவை வரிசையில் நிற்கும். தயாரானதும் எல்லோருக்கும் அதுவே பரிமாறப்படும். காத்திருப்பு நீண்டுபோனால், சற்றுமுன் இருந்த பழைய பிரதி கிடைக்கும்.

கேட்டு நம்பினால் போதுமா? லேப்டாப்பில் ஒரு நீண்ட கட்டுரையை இறக்கி, திருத்திய கையோடு 100 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஏவினேன். நான்கு கோர்களும் 100 சதவீதத்தில் முட்டி நின்றன; மவுஸ்கூட நகரவில்லை. பூல்கவுன்டரை இயக்கிவிட்டு மறுபடி ஏவினேன். ஒரே ஒரு கோர் உழைத்தது, மற்றவை சும்மா இருந்தன. அப்படியே கைதட்டினேன்!

எழுதுவதற்கு ஒரு டேட்டாபேஸ், படிப்பதற்கு அதன் நகல்கள் பல என்று பிரித்திருப்பதிலும் ஒரு கரிசனம் தெரிகிறது. நகல் சற்றுப் பின்தங்கியிருந்தாலும், திருத்தம் செய்தவர் கண்ணுக்கு அவருடைய திருத்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்று தனியாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இப்போது ஜாப் கியூவில் மூழ்கியிருக்கிறேன். லட்சம் பக்கங்களில் இருக்கும் ஒரு வார்ப்புருவை ஒருவர் திருத்தினால், அவரைக் காக்கவைக்காமல் அத்தனை பக்கங்களையும் பின்னணியில் மெல்ல மெல்லப் புதுப்பிப்பது இதன் வேலை. நேற்று இரவு என் குட்டி விக்கியில் ஒரு வார்ப்புருவைத் திருத்தினேன். வரிசையில் 1,200 வேலைகள். அது 900, 400, 30 என்று இறங்கி பூஜ்ஜியம் ஆகும்வரை அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன்.