மலைக்கனியும் அவைச்சொல்லும்: இன்குலாபின் ‘ஔவை’ நாடகம் பற்றிய ஒரு நோக்கு

தமிழ்ப்பள்ளியில் பயின்றோர்க்கு ஔவை என்றவுடன் நினைவில் எழுவது கோலூன்றிய மூதாட்டியின் உருவமேயாகும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வகுப்பறையில் ஊன்றிய இவ்வுருவத்தைத் தி. க. சண்முகத்தின் மேடை வேடமும், 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாளின் நடிப்பும் மேலும் உறுதிப்படுத்தின. சங்ககால ஔவையும் நீதிநூல் ஔவையும் வேறுவேறு புலவர் என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். எனினும் மக்கள் மனத்தில் இருவரும் ஒருவரே. 1998இல் அ. மங்கையின் நெறியாள்கையில் மேடையேறிய இன்குலாபின் ‘ஔவை’, இவ்வுருவத்திற்கு மறுப்பாக அமைந்த நாடகமாகும்.

சங்கப் பாடல்களை அடித்தளமாகக் கொண்ட இந்நாடகம், ஔவையைப் பாணர் மரபில் வந்த இளம்பெண்ணாக, ஊர்தோறும் நடந்து பாடும் கலைஞராக, அதியமானோடு கள்ளருந்தி அளவளாவும் தோழியாக நம்முன் நிறுத்துகின்றது. இது புதுமை நாடிய கற்பனை அன்று. புறநானூறே தரும் சித்திரம். நீதியுரைக்கும் மூதாட்டியாக அவரை மாற்றிய பிற்கால மரபு, பெண்ணின் சொல்லை ஏற்பதற்கு முன் அவளது இளமையை அகற்ற விரும்பியது போலும்.

இந்நாடகத்தின் பின்புலத்திலுள்ள மலைத்தொன்மம் நெல்லிக்கனி பற்றியது. ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த, சாவை விலக்கும் கனியை அதியமான் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் என்கிறது புறநானூற்றின் 91ஆம் பாடல். இதனை மன்னனின் கொடைக்குச் சான்றாகவே பலரும் விளக்குவர். ஆயின், அரசனின் வாளைவிடக் கலைஞரின் சொல் நெடிது வாழவேண்டும் என்னும் கருத்தும் அதனுள் அடங்கியுள்ளது.

அச்சொல்லின் வலிமையைக் காட்டுவது தொண்டைமானிடம் ஔவை சென்ற தூதாகும். அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, பீலி அணிந்து, காவல் மனையில் பொலிகின்றன. அதியமானுடையவோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிற்றில்லில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் இம்மொழியை வேற்றரசனின் அவையில் நின்று ஒரு பெண் உரைத்தது அஞ்சாமையே. எனினும் ஒரு வினா எழுகின்றது. அச்சொல்லுக்குப் பின்னால் அதியமானின் படை நின்றது. புரவலனின் நிழலில் நின்று பேசுவதை மட்டுமே கொண்டு ஒருவரின் துணிவை முழுமையாக அளந்துவிட இயலுமா?

சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். இறங்க மறுத்த அத்தொழிலாளியின் பின்னால் எந்த மன்னனின் படையும் இல்லை.

ஆகவே, இந்நாடகப் பொருளின் உச்சம் தூதில் இல்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலையிலேயே உள்ளது எனக் கருதலாம். காப்போன் மறைந்தான், பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்கு ஈவோரும் இல்லை என்று கலங்கும் அப்பாடல், அத்துயரத்திலும் பாடலாகவே எழுகின்றது. இவ்விடத்தில் ஔவை எவருடைய நிழலிலும் இல்லை.

சுங்கை செம்பிலாங், ஜெராம் வட்டாரங்களில் இந்நாடகத்தை மேடையேற்ற முனைவோர்க்குச் சங்கச் சொற்களின் அருமை ஒரு தடையாகலாம். கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’, ‘அரிச்சந்திரன்’ முதலிய கூத்துகளைக் கண்டு பழகிய மக்களுக்குப் பாட்டின் பொருளைக் கட்டியங்காரனைக்கொண்டு விளக்குதல் அத்தடையை நீக்கும். செய்யுளைச் சிதைக்க வேண்டுவதில்லை. மாணவர் மனனம் செய்யும் நீதிமொழிகளோடு, வேந்தனின் முன் தலைநிமிர்ந்து நின்ற இந்த ஔவையும் அவர்களுக்கு அறிமுகமாதல் வேண்டும். பணிவை மட்டுமே கற்பித்த தோட்ட வாழ்வின் வழித்தோன்றல்களுக்கு அது மிகவும் தேவையான பாடமாகும்.