கெட்டிமேளத்துக்கு முன்

கல்யாண மண்டபத்தில் இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அது எடுக்கும் படமும் நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் தாலி கட்டும் படத்துக்குத் தொழில்முறைப் புகைப்படக்காரரைத்தான் நம்புகிறோம். சரியான நம்பிக்கைதான்.

மூன்று முடிச்சும் விழச் சில நொடிகள் போதும். பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்றவற்றை நாத்தனார் போடுவார். எந்தப் பக்கம் நின்றால் மணப்பெண்ணின் முகம் கைகளுக்குப் பின்னால் மறையும் என்பதைத் தேர்ந்தவர் முன்பே கணக்கிட்டு இடம் பிடித்திருப்பார். கெட்டிமேளத்துக்குச் சாஸ்திரிகள் கை காட்டும்போதே அவர் கண் வியூஃபைண்டரில் இருக்கும். மேளம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்குபவருக்கு, முன்னால் எழுந்தவர்களின் முதுகுதான் கிடைக்கும். ஃபிலிம் காலத்து மூத்தவர்கள், 36 படச் சுருள் அந்த நேரத்தில் தீர்ந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே புதுச் சுருள் மாற்றிவிடுவார்கள். இன்று பலர் ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டில் பதிகிறார்கள்.

ஃபிளாஷை முகத்தில் நேராக அடிக்காமல், கூரையில் பட்டுத் திரும்பும்படி சாய்ப்பார்கள். பறக்கும் அட்சதை அந்தரத்தில் நிற்கும். பட்டின் ஜரிகையும் வெளிறாது.

ஆர்வத்தில் எடுப்பவரும் அபூர்வமான படம் ஒன்றை எடுத்துவிடலாம். அடுத்த முகூர்த்தத்தில், வேறு மண்டபத்தில், மோசமான வெளிச்சத்திலும் அதைத் தருவதுதான் தொழில்.

எனக்கு மிகப் பிடித்தது தாலி கட்டியதற்கு அடுத்த நொடி. செல்போன்கள் எல்லாம் கீழே இறங்கும்போது தொழில்முறைப் புகைப்படக்காரரின் லென்ஸ் பெண்ணின் அம்மா பக்கம் திரும்பும். அந்தப் படத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆல்பத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் துணிவும் அவருக்கு வேண்டும்.