அசைவின்மையும் நிலைபேறும்: ஃபூஜிதாவின் அறையும் கொல்லிப்பாவையும்

பழம், பாத்திரம், மேசை முதலிய அசையாப் பொருள்களைத் தீட்டும் ஓவியவகையைப் பிரெஞ்சு மொழி ‘இறந்த இயற்கை’ எனப் பொருள்படும் தொடரால் குறிக்கிறது. ஆங்கிலத் தொடரோ ‘அசைவற்ற வாழ்வு’ எனப் பொருள்படுவது. அசையாதது இறந்ததா, வாழ்வதா என்னும் வினா இவ்விரு பெயர்களிலேயே அடங்கியுள்ளது. பாரிசில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர் சுகுஹரு ஃபூஜிதா (1886–1968) 1921இல் வரைந்த ‘என் அறை: அலாரக் கடிகாரத்துடன் அசையாப் பொருள்கள்’ என்னும் ஓவியத்தைச் சங்க இலக்கியக் கொல்லிப்பாவையோடு ஒப்பிடுகையில் இவ்வினாவுக்கு விடை புலப்படுகிறது.

பாரிசிலுள்ள பொம்பிடு மையத்தில் இடம்பெற்றுள்ள இவ்வோவியத்தில் மேசை, கடிகாரம், சுவரில் மாட்டிய தட்டுகள், புகைக்குழல், வட்ட மூக்குக்கண்ணாடி ஆகியன காணப்படுகின்றன, மனிதர் எவருமிலர். எனினும் அக்கண்ணாடி ஃபூஜிதாவின் தன்னுருவ ஓவியங்களில் அவர் முகத்திற்கே அடையாளமானது. ஆதலின் பொருள் இங்கு ஆளின் இடத்தை ஏற்கிறது. பால்போன்ற வெண்தளத்தின்மீது நுண்தூரிகையால் மெல்லிய கருங்கோடு இடுவது அவரது நெறி. 1913இல் பாரிசு சென்றவர் வரைந்த அறை பாரிசினது. அதனை வரையறுக்கும் கோடோ அவர் விட்டுவந்த நாட்டின் மரபினது.

நற்றிணை 201ஆம் பாடலில் பரணர் கொல்லிப்பாவையை உவமையாக்குகிறார். பாங்கன் கடிந்துரைக்க, தலைவன் மறுமொழி கூறுகிறான். கொல்லிமலையின் மேற்குப் பக்கத்துள்ள பாவை காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி தாக்கினும், நிலமே அதிரினும் தன் உரு மாயாதது. அதுபோலத் தலைவியும் தன் நெஞ்சினின்று நீங்காள் என்பது அவன் கூற்று. கொல்லிப்பாவையைப் பெண்ணழகின் உவமையாக மட்டும் கொள்ளும் வாசிப்பு இவ்விடத்துப் போதாது. பாவையின் அசைவின்மை ஈண்டு அழகை அளப்பதோடு நில்லாமல், எட்டாதவளை இழக்க மறுக்கும் நெஞ்சின் உறுதியையும் அளக்கிறது.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. பாவை பூதத்தால் அமைக்கப்பட்டது என்கிறது நற்றிணை 192. அது பேரழிவையும் தாங்குவது. ஃபூஜிதாவின் தட்டுகள் உடையக்கூடியன, கண்ணாடி தொலையக்கூடியது. ஆயினும் பாடலில் நிலைபேறு இறுதியில் தலைவனின் நெஞ்சைச் சார்வதுபோல, ஓவியத்தில் அது பொருளைச் சாராது, வரையும் கோட்டைச் சார்கிறது. தாக்கம் எதுவும் கருதாத இவ்வொப்புமை ஒரு கலைச்சொல் சிக்கலையும் தெளிவிக்கிறது. இவ்வகையை ‘உயிரற்ற பொருள் ஓவியம்’ எனத் தமிழில் வழங்குவது பிரெஞ்சுப் பெயரின் தீர்ப்பை ஆராயாது ஏற்பதாகும். ‘நிலைபொருள் ஓவியம்’ என்பதே தகும். நிற்றல், நிலைத்தல் என்னும் இரு பொருளையும் அச்சொல் தாங்கும்.