பத்து நாள் தவணை

கொட்டாஞ்சேனையில் கலியாணக் கார்ட் அடிக்கும் அத்தானின் லாப்டொப் விண்டோஸ் 11க்கு ஏறிய வாரத்திலேயே பழைய பிரின்டர் முரண்டு பிடித்தது. வெள்ளவத்தையிலிருந்து நான் பஸ் ஏறுவதற்குள் மூன்று அழைப்பு. "பழையதுக்கே திருப்பி விடு தம்பி. ஆனா பைல் ஒண்டும் போகக்கூடாது."

இதற்கென்றே செட்டிங்ஸில், சிஸ்டம், ரிகவரி என்று போனால் ‘கோ பேக்’ பொத்தான் இருக்கிறது. 11 ஏறும்போது பழைய விண்டோஸ் அழிவதில்லை. சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற போல்டரில் கிடக்கும். அத்தானுடையது 23 ஜிபி. அதன் ஆயுள் 10 நாள். இடம் போதவில்லையென்று டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்தால் பொத்தான் அன்றைக்கே செத்தது. டிஸ்ம் கட்டளையால் தவணையை 60 நாள் வரை நீட்டலாம், அதையும் அந்தப் 10 நாளுக்குள் செய்துவிட வேண்டும். இவ்வளவு முக்கியமான வசதியைக் கட்டளைத் திரைக்குள் ஒளித்து வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கலியாண சீசனில் கார்ட் கடைக்காரருக்குப் 10 நாள் எப்படிப் போகுமென்றே தெரியாது.

அழுத்துமுன் வெளி ஹாட் டிஸ்க்கில் கொப்பி எடுத்தேன். "பைல் போகாதெண்டு தானே போட்டிருக்கு?" என்றார் அத்தான். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு சிலருடைய டொக்கியுமென்ட்ஸைத் துடைத்துவிட, சில நாளிலேயே விநியோகத்தை நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு பிளேன்டீ முடிய கொப்பியும் முடிந்தது. உடனே வயரைக் கழற்றி டிஸ்க்கை லாச்சிக்குள் வைத்தேன். 2023இல் லங்கா அரச கிளவுட்டில் ரான்சம்வெயர் புகுந்தபோது இணைப்பிலேயே இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின.

பொத்தானை அழுத்தினால் ஏன் திரும்புகிறீர்கள் என்று விசாரணை நடக்கும். அப்டேட் பார்த்தால் சரிவருமே என்று மனதைக் கரைக்கவும் பார்க்கும். இவற்றைத் தாண்டிவிடலாம், பழைய கடவுச்சொல் நினைவிருக்கட்டும் என்று எச்சரிக்கும் பக்கத்தை மட்டும் தாண்டாதீர்கள். அத்தானுக்கு 11இல் வைத்த ‘பின்’ நம்பர்தான் ஞாபகம். பழைய கடவுச்சொல்லை அக்கா கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

சார்ஜரைச் செருகியபடி விட்டோம். 22 நிமிடம். படங்கள், பில்கள், 11இல் இருந்த நாள்களில் செய்த கார்ட்கள், எல்லாம் இருந்த இடத்தில். பிரின்டரும் உறுமத் தொடங்கியது. கடைசிக் கார்டைத் திறந்தால் மணப்பெண்ணின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பை!

ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி முறையில் அமைந்த அலங்கார எழுத்துரு ஒன்றை அத்தான் அந்த வாரம்தான் ஏற்றியிருந்தார். கார்ட் அவருடைய பைல், அதனால் தப்பியது. 11 வந்தபின் நிறுவிய எழுத்துருவும் மென்பொருளும் விண்டோஸின் கணக்கில் 11இன் சொத்து, அதோடு போய்விடும். நல்ல காலம், இறக்கிய சிப் பைல் டவுன்லோட்ஸில் அப்படியே இருந்தது. மறுபடி நிறுவியதும் பெயர் தமிழுக்குத் திரும்பியது.

பைலைக் காப்பதில் பொத்தானுக்குக் குறை சொல்லமாட்டேன். திரும்பிய இடம்தான் இடறல்: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் 2026 ஒக்டோபர் 13 வரை பதிவு செய்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். அதற்குள் புதுப் பிரின்டர் வாங்குங்கோ என்றேன். சீசன் முடியட்டுமாம்.