விலை தேர்ந்தெடுத்த எண்ணெய்

பெரிய பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தரும் மத்திய அமைப்புதான் பெட்ரோல் பங்குகளுக்கும் உரிமம் தருகிறது. ‘பெசோ’ எனப்படும் அந்தப் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைமையிடம் நாக்பூர். சிவகாசியிலும் அலுவலகம் உண்டு. கலவை அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மீறும்போது உயிர் போகிறது என்பதும் தெரியும். எண்ணெய் விஷயத்தில் அப்படியொரு தெளிவு சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத் தொழில்களுக்கு வாய்க்கவில்லை. எந்த எண்ணெய்க்கு என்ன குணம் என்று பார்ப்பதைவிட, எது மலிவு என்று பார்த்தே அதற்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது மேலே எரிவாயுவும் பெட்ரோலும், நடுவே மண்ணெண்ணெயும் டீசலும், அடியில் ஃபர்னஸ் ஆயிலும் கிடைக்கின்றன. மேலே வருவது சட்டென்று ஆவியாகும். அடியில் தங்குவதைச் சூடேற்றினால்தான் குழாயில் ஓடும்.

குணமறிந்த பயன்பாட்டுக்கு இந்த மண்ணிலேயே நல்ல உதாரணம் தீப்பெட்டி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் இது. குச்சியின் நுனியை உருகிய பாரஃபின் மெழுகில் நனைத்த பிறகே மருந்தில் முக்குவார்கள். மருந்து எரிவது நொடிப்பொழுது. அந்த நெருப்பை மரத்துக்குக் கடத்துவது மெழுகு. அதுவும் பெட்ரோலியத்தில் பிறந்ததே.

டீசலின் கதை வேறு. 2008 முதல் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு 2012இல் உச்சத்தைத் தொட்டபோது, சிவகாசி அச்சகங்கள் ஜெனரேட்டரை நம்பியே ஓடின. ஆஃப்செட் மெஷின் பாதியில் நின்றால் உள்ளே மாட்டிய தாள் போச்சு. மறுபடி ஓட்டும்போது மையும் தண்ணீரும் சரிப்பட்டு, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை வருகிற தாள்களும் கழிவுதான். தினசரிக் காலண்டரோ ஜனவரி 1க்கு முன் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பட்டனைத் தட்டியதும் மின்சாரம் தந்த டீசல் இல்லாவிட்டால் பல ஆர்டர்கள் கைநழுவியிருக்கும். குறை சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குறையும் சிறியதல்ல. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம். ஒற்றை மெஷின் வைத்திருப்பவருக்கு அச்சுக்கூலியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். லாரிக்கும் பேருந்துக்கும் உழவருக்கும் என்று அரசு விலையை அடக்கி வைத்திருந்த எண்ணெய், மின்வாரியத்தின் பற்றாக்குறையை அடைக்கப் போனது. 2013 ஜனவரியில் விலையைச் சிறிது சிறிதாக உயர்த்தத் தொடங்கி, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுதாக விலக்கிக்கொண்டார்கள். கரும்புகையின் விலையை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஜெனரேட்டர்களுக்கான கடுமையான புகை விதி 2023 ஜூலையில்தான் வந்தது. அதுவும் புதிதாகச் செய்பவற்றுக்குத்தான்.

லாரியில் டீசலின் பலம் மறுக்க முடியாதது. தீப்பொறி தரும் பிளக் இல்லாமல், அழுத்தத்தின் சூட்டிலேயே எரிந்து, குறைந்த வேகத்திலும் பாரம் இழுக்கும். சிவகாசிச் சரக்கை வட இந்தியா வரை சுமந்து செல்ல இன்றைக்கு அதற்கு ஈடான மாற்று இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் வடிகட்டி இல்லாத பழைய எஞ்சின், நல்ல டீசலிலும் கரியைக் கக்கும்.

காற்று மாசைக் காரணம் காட்டி 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை நிறுத்தியது. அதே மாதம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் ஃபர்னஸ் ஆயிலையும், சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெட்கோக்கையும் தடுத்தது. பட்டாசுத் தடையைச் சிவகாசி நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. மற்ற தடை இந்த மாவட்டத்துக்கு வராததால், எந்த எண்ணெயை எங்கே பயன்படுத்துவது என்று அது எழுப்பிய கேள்வியும் இங்கே எழவில்லை. தடை வந்தால்தான் யோசிப்போம் என்பது நியாயமில்லை.

யோசிக்க வேண்டிய இடம் அச்சகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்ததும் ரோலரிலும் ரப்பர் பிளாங்கெட்டிலும் ஒட்டிய மையைத் துணியால் துடைப்பார்கள். துணியை மண்ணெண்ணெயில் நனைப்பதுண்டு. சீக்கிரம் உலர வேண்டுமென்றால் பெட்ரோல். மண்ணெண்ணெய்க்குத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஆவி பொறிபட்டால் பற்றும் சூடு, 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். பெட்ரோலோ மார்கழிக் குளிரிலும் ஆவியாகி, காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரையிலும், டீசலை 2,500 லிட்டர் வரையிலும் உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டம் இடம்தருகிறது. உரிமம் வேண்டாத இடத்துக்கு பெசோ ஆய்வாளர் வர வேண்டிய அவசியமும் இல்லை. பட்டாசு ஆலையில் கிராம் கணக்குப் பார்க்கும் ஊர், பக்கத்துத் தெரு அச்சகத்தின் பெட்ரோல் கேனையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அச்சக உரிமையாளர்கள் கூடிப் பேசினால் போதும்.