டொலரைக் கழித்தால் எஞ்சும் வளர்ச்சி

இந்திய மென்பொருள் பங்கு வைத்திருப்பவருக்குக் காலாண்டுப் பருவம் பெரும்பாலும் டி.சி.எஸ். முடிவுகளோடு தொடங்கும். இன்போசிஸ், விப்ரோ, எச்.சி.எல். ஆகியவை தொடர்ந்து வரும். கொழும்பில் அப்படியொரு வரிசை இல்லை. இலங்கையில் வேரூன்றி வளர்ந்த வேர்ச்சூசா 2007இல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. மில்லேனியம் ஐ.ரி.யை 2009இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கிக்கொண்டது. உள்ளூர்ச் சந்தையில் மென்பொருள் பங்கு தேடுபவருக்கு, 2021 டிசம்பரில் பட்டியலுக்கு வந்த எச்செனிட் போன்ற சிறிய நிறுவனங்களே கிடைக்கின்றன.

சிறியதோ பெரியதோ, முதலில் பார்க்க வேண்டியது நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 இலங்கை ரூபாவை ஒட்டியிருந்தது. மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா. காலாண்டுக்கு 10 இலட்சம் டொலர் சம்பாதிக்கும் ஒரு கம்பனியை எண்ணிப் பாருங்கள். 20 கோடி ரூபா வருமானம் 36 கோடியாகிவிடும். வளர்ச்சி 80 சதவீதம். புதிய வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. வங்கியில் கிடக்கும் டொலருக்கான நாணய மாற்று இலாபம் வேறு ஏதோ ஒரு வரியில் வந்து சேரும். அதைத் தேடிப் பிடித்துக் கழிக்காமல் பங்கொன்றுக்கான உழைப்பைப் பார்ப்பதில் பயனில்லை. அந்த ஆண்டில் பல மென்பொருள் நிறுவனங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலரோடு இணைத்தன. ஆகவே ரூபா வீழ்ச்சி தந்த இலாபமும் முழுதாக நிலைக்கவில்லை.

இந்தியப் பெரு நிறுவனங்கள் இந்தக் கழித்தலைத் தாமே செய்து தருகின்றன. நாணய மாற்று விகிதம் மாறாதிருந்தால் வருமானம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதைத் தனி எண்ணாகத் தருவார்கள். நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். அடுத்து, வரப்போவதைப் பற்றிய மதிப்பீடு. 2023 ஜூலையில் இன்போசிஸ் காட்டிய இலாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல். ஆனால் முழு ஆண்டு வருமான வளர்ச்சி மதிப்பீட்டை 4 முதல் 7 சதவீதத்திலிருந்து 1 முதல் 3.5 சதவீதமாகக் குறைத்தது. மறுநாள் பங்கு விலை 8 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. அந்தக் காலாண்டிலும் பெரிய ஒப்பந்தங்கள் வந்திருந்தன. ஒப்பந்தம் கையெழுத்தாவது வேறு, வேலை தொடங்கி விலைப்பட்டியல் அனுப்புவது வேறு. ஒப்பந்த மொத்தத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள்.

கொழும்பு முந்தி நிற்கும் இடமும் உண்டு. நம்மவர்கள் அதைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். இங்கே இடைக்கால அறிக்கையில் ஒவ்வொரு காலாண்டும் நிதிநிலைக் கூற்றும் காசுப் பாய்ச்சல் கூற்றும் வந்துவிடும். இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி அவை அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம். இன்போசிஸ் போன்றவை காலாண்டுதோறும் வெளியிடுகின்றன. ஆனால் பல சிறு நிறுவனங்கள் ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் இலாப நட்டக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளும். மென்பொருள் விற்பவரிடம் கிட்டங்கியில் சரக்கு இல்லை. நோய் வந்தால் தெரியும் இடம் வர்த்தக வருமதிகள். வருமானம் 10 சதவீதம் கூடி, வருமதி 40 சதவீதம் கூடினால், விலைப்பட்டியல் போயிருக்கிறது, காசு வரவில்லை என்று பொருள். கொழும்பு வாசகர் இதை மூன்று மாதத்தில் கண்டுபிடிக்கலாம்; அப்படிப்பட்ட இந்தியச் சிறு நிறுவனத்தில் பணம் போட்டவர் ஆறு மாதம் காத்திருக்க நேரும்.

ஆனால் இந்தியக் காலாண்டுக் கணக்கைக் கணக்காய்வாளர் குறைந்தபட்சம் மீளாய்வாவது செய்திருப்பார். கொழும்பில் பெரும்பாலானவை கணக்காய்வு செய்யப்படாதவை. ஆண்டறிக்கை வந்ததும் நான்கு காலாண்டுகளையும் கூட்டி, கணக்காய்வு செய்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்த நிர்வாகத்தின் அடுத்த காலாண்டு எண்களை அதற்கேற்ற சந்தேகத்தோடு படிக்கலாம். கொழும்பு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் முதல் 20 பங்குதாரர்களின் பட்டியலும் இருக்கும். குறைவாகக் கைமாறும் சிறு பங்கில், போன காலாண்டுப் பட்டியலோடு அதை ஒத்துப் பார்த்தால் யார் குறைத்தார், யார் கூட்டினார் என்பது பெயரோடு தெரிந்துவிடும்.