அயலானும் அகத்தானும்
ஊர்ப்புறத் துப்பறியும் தொடர்கள் பற்றிய ஓர் ஆய்வு

வைகாசித் திங்கள் பிறந்ததும், நம் கிழக்குக் கரையோர ஊர்களிற் கண்ணகியம்மன் கோயிற் கதவுகள் திறக்கப்படுகின்றன. தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு முதலிய ஊர்களிற் சடங்குக் காலத்திற் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. திருக்குளிர்த்தியுடன் விழா நிறைவெய்துகிறது. 1968 ஆம் ஆண்டிற் பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் இந்நூலைப் பதிப்பித்து உலகிற்கு அளித்தார். இது பத்தி நூல் என்பதை யாவரும் அறிவர். ஆனால், இது ஒரு வழக்கினைக் கூறும் நூல் என்பதனை அதன் பெயரே உணர்த்தி நிற்கவும், அப்பொருளை நாம் ஆழ எண்ணுவதில்லை.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய கட்டுரையைக் கோயில் வாயிலில் தொடங்குவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கென்றும், அதனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லையென்றும் கருதுவோர் பலர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் தமிழில் துப்பறியும் நவீனங்களை எழுதிக் குவித்தபோது, மேனாட்டு நூல்களின் செல்வாக்கு அவற்றில் மிகுந்திருந்ததென்பது உண்மையே. எனினும், குற்றமொன்று நிகழ்ந்தவிடத்து விசாரணை எவ்வாறு நடைபெறல் வேண்டும், அது பிழைத்தால் என்ன நேரும் என்னும் வினா நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரமே அவ்வினாவின்மீது எழுந்த காப்பியமாகும்.

அக்காப்பியத்தின் வழக்கினை ஒரு துப்பறிவாளனின் கண்கொண்டு நோக்குவோம். அரசியின் சிலம்பு களவு போயிற்று. கவர்ந்தவன் அரண்மனையோடு தொடர்புடைய பொற்கொல்லன், அஃதாவது அகத்தான். பழி சுமத்தப்பட்டவனோ புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கோவலன். மதுரைக்கு அவன் அயலான். அவனை அறிந்து பரிந்து பேசுவார் அவ்வேளை அங்கு ஒருவருமிலர். மன்னன் ஆராயவில்லை. அகத்தான் சொல்லை நம்பினான். அயலான் உயிரைப் போக்கினான். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து செய்ததென்ன? அவள் வந்தவுடன் ஊரை எரித்தாளல்லள். முதலிற் சான்று காட்டினாள். அரசியின் சிலம்பினுள் முத்து. தன் சிலம்பினுள் மாணிக்கம். உடைத்துக் காட்டியபோது வழக்கு முடிந்தது. எரி அதன் பின்னரே எழுந்தது.

இதிலிருந்து இரு கோட்பாடுகள் பெறப்படும். ஐயம் இயல்பாகவே அயலான்மீது செல்லும். ஆதலால் விசாரணை அகத்தானையும் விடாது ஆராய்தல் வேண்டும் என்பது ஒன்று. சான்று முன்னும் சினம் பின்னும் வருதல் வேண்டும் என்பது மற்றொன்று. ஊர்ப்புறத்தைக் களமாகக் கொண்ட இரு துப்பறியும் தொடர்களை இக்கோல்கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று ஆங்கிலத் தொடர். மற்றொன்று தமிழ்த் தொடர். முடிவை வெளியிட்டுவிடுதல் இத்தகைய கதைகளுக்குத் தீங்கெனினும், ஆய்வின் பொருட்டு வாசகர் பொறுத்தருள்வாராக.

முதலாவது, 'மிட்சமர் கொலைகள்' என்று பொருள்படும் 'மிட்சமர் மேடர்ஸ்'. கரோலின் கிரஹாம் என்னும் எழுத்தாளரின் நவீனங்களைத் தழுவி 1997 மார்ச் 23 ஆம் நாள் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், கால் நூற்றாண்டைக் கடந்து 130 இற்கும் மேற்பட்ட கதைகளைத் தந்துள்ளது. மிட்சமர் என்பது கற்பனை மாவட்டம். அங்கே பசும் புற்றரைகள், பழந்தேவாலயங்கள், கூரை வேய்ந்த குடில்கள், மலர்க் கண்காட்சிகள். அவற்றின் நடுவே ஓயாத கொலைகள். 2011 வரை ஜோன் நெற்றில்ஸ் துப்பறியும் தலைமை அதிகாரி ரொம் பார்னபியாக நடித்தார். அதன்பின் நீல் டட்ஜியன் அவர்தம் உறவினராகிய ஜோன் பார்னபியாக அப்பணியை ஏற்றார்.

இத்தொடரின் சிறப்பை மறைத்தல் நடுநிலையாகாது. அதன் முதற் கதையில் மூதாட்டி ஒருத்தி இறந்து கிடக்கிறாள். இறப்பில் ஐயுறுதற்கு ஒன்றுமில்லையென ஊர் அமைதியடைய முயல்கிறது. அவளுடைய தோழியாகிய மற்றொரு மூதாட்டியோ, இது கொலையே என்று பொலிஸ் நிலையத்திற்குச் சென்று வாதாடுகிறாள். அவள் விடாப்பிடியினாலேயே விசாரணை பிறக்கிறது. காட்டில் அரிய மலரொன்றைத் தேடிச் சென்ற முதியவள் காணக்கூடாத ஒன்றைக் கண்டுவிட்டாள் என்பதே அக்கொலையின் காரணம். குற்றவாளிகளோ ஊரின் நன்மக்களிடையே வாழ்வோர். பிறிதொரு கதையில், நேர்த்தியான ஊர் எது எனத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடைபெறுகிறது. ஊரார் வேலிகளுக்கு வண்ணந் தீட்டுகின்றனர். அவ்வேளையிலேயே கொலைகளும் தொடர்கின்றன. அழகிய ஊர் அறமுடைய ஊராதல் வேண்டுமென்பதில்லை என்னும் உண்மையை இதனினும் எளிதாகக் கூறவியலாது. கிராமமென்றாலே கள்ளமற்ற நெஞ்சங்களின் உறைவிடம் என்று பாடிப் பழகிய நமக்கும் இது நல்ல மருந்தாம்.

எனினும், நாம் வகுத்த முதற் கோட்பாட்டின் முன் இத்தொடர் தடுமாறுகிறது. 2011 ஆம் ஆண்டில் இதன் தயாரிப்பாளர் ஒருவர் செவ்வியொன்றில், பிற இனத்தார் இத்தொடரில் இடம்பெறாமை தற்செயலன்று என்றும், அவர்களைச் சேர்த்தால் இது ஆங்கிலக் கிராமமாக இராதென்றும் பொருள்படக் கூறினார். பெருங் கண்டனம் எழுந்தது. தயாரிப்பு நிறுவனம் அவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. பின்னர் அவர் அப்பொறுப்பினின்றும் நீங்கினார். அதற்குப் பின் தொடர் தன்னைச் சிறிது திருத்திக்கொண்டது. 2016 முதற் சில ஆண்டுகள், பிரேத பரிசோதனை செய்யும் மருத்துவராக, இந்திய வழிவந்த மஞ்சிந்தர் விர்க் என்னும் நடிகை தோன்றினார்.

இதனை நிறவெறி பற்றிய பூசலாக மட்டும் கொண்டு அப்பாற் செல்லுதல் போதாது. இது கலைக் குறையுமாகும். அயலானே இல்லாத ஊரில் எல்லோரும் அகத்தார். ஆகவே அங்கு எவனைக் குற்றவாளியெனக் காட்டினும் ஊரின் நெஞ்சு சுடுவதில்லை. ஊர் தன் ஐயத்தை யார்மீது முதலில் எறியும், எறிந்த கல் தவறென அறிந்தபின் வெட்குமா என்னும் வினாக்கள் அங்கே கூர்மையுடன் எழ வழியில்லை. கொலை ஒரு புதிராகிறது. புதிர் அவிழ்ந்ததும் பார்ப்போர் அமைதியாக உறங்கச் செல்கின்றனர். கோவலன் வந்து நுழையாத மதுரையில் வழக்குரை காதை பிறப்பதெங்ஙனம்?

இனித் தமிழ்த் தொடருக்கு வருவோம். புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கி, பிரம்மா, அனுசரண் ஆகியோர் இயக்கிய 'சுழல்', 2022 ஜூன் 17 ஆம் நாள் 8 பகுதிகளாக வெளிவந்தது. களம் சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். அங்கே சீமெந்துத் தொழிற்சாலை ஒன்று. அதனை நம்பி வாழும் தொழிலாளர். ஊரின் காவலாக அங்காளம்மன். மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் வேளையில் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. நிலா என்னும் சிறுமியும் காணாமற் போகிறாள். விழாவின் நாட்கள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய விசாரணையும் உடன் நடக்கிறது.

இங்கே ஐயம் செல்லும் வழியைக் கவனித்தல் தகும். தொழிற்சாலை எரிந்தவுடன் விரல்கள் சுட்டுவது தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தை. அவர் முதலாளிக்கு ஒவ்வாதவர், கடவுள் மறுப்பாளர், ஆகவே ஊரின் நடுவே வாழ்ந்தும் அயலானாக எண்ணப்படுபவர். காணாமற் போனவள் அவருடைய மகளே. பின்னர் ஐயம் பலர்மீது மாறி மாறி விழுகிறது. இறுதியில் வெளிப்படும் உண்மை யாது? சிறுமியைச் சாவுக்குத் துரத்தியவன் வெளியிலிருந்து வந்தவனல்லன். அவ்வீட்டிற் பாசத்துக்குரியவனாக உலவிய நெருங்கிய உறவினன். அவனே அவள் தமக்கை நந்தினியையும் சிறு வயதிற் சிதைத்தவன். ஊரெல்லாம் தேடிய விளக்கு, ஈற்றில் வீட்டின் உள்ளறைக்கே திரும்புகிறது. முதற் கோட்பாட்டை இத்தொடர் நன்கு நிறைவேற்றியது என்க. சிறுவர்க்கு நேரும் தீங்கு பெரிதும் அறிந்தவராலேயே நேர்கிறதென்னும் கசப்பான உண்மையைப் பல்லாயிரம் தமிழ் இல்லங்களுக்குள் கொண்டு சென்றமை அதன் தொண்டாகும்.

ஆயினும் குறைகளும் உள. துப்பறியும் கதையின் நேர்மை, சான்றுகளைப் பார்ப்போர் முன்னும் வைத்தலில் உள்ளது. மிட்சமர் தொடர் அந்நேர்மையைப் பெரும்பாலும் பேணுகிறது. சுழலிலோ ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் ஐயத்தைத் திருப்பிவிடும் ஆர்வம் மிகுந்து, சான்றுகளைக் கோத்துப் பார்க்கும் வாய்ப்புக் குறைகிறது. இரண்டாவது கோட்பாட்டில் இதனினும் பெரிய இடர்ப்பாடு நேர்கிறது. உண்மை வெளிப்பட்டதும் நந்தினி தன் கையாலேயே அவனைக் கொல்கிறாள். அம்மன் சினமும் அவள் சினமும் ஒன்றாகத் தோன்றுமாறு காட்சி அமைகிறது. பார்ப்போர் நெஞ்சு ஆறுதலடையலாம். ஆனால், அவன் அவை நடுவே நிறுத்தப்படவில்லை. அவன் குற்றத்தை ஊர் கேட்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்தது அரசவையில். அதனாலேயே மன்னன் தானே கள்வன் என்று உணர நேர்ந்தது. சாம்பலூருக்கு அவ்வுணர்வு வாய்க்கவில்லை. 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பருவத்தில் நந்தினி சிறையிலிருப்பதைக் காண்கிறோம். விசாரணையைக் கடந்து எழுந்த சினம், குற்றஞ் செய்தவனை மட்டுமன்றிக் குற்றத்திற்கு ஆளானவளையும் சுடுகிறது என்பதைத் தொடரே பின்னர் ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

ஆக, ஒரு தொடர் அயலானை ஊருக்குள் விடாமற் சான்றுகளைப் பேணியது. மற்றது அயலான்மீதான ஐயத்தை வென்று அகத்தானைக் கண்டும், சான்றுக்கு அவை தேடாமற் போயிற்று. இரண்டும் சேர்ந்தாலன்றி வழக்கு நிறைவுறாது.

இஃது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. திருக்கோவிலிலிருந்து கல்முனை வரை பயணம் செய்வோர், தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருக்கக் காண்பர். ஓரூரின் வேலி முடியுமிடத்தில் மற்றோரூரின் வேலி தொடங்குகிறது. ஒருவர் வயலின் நீரே மற்றவர் வயலுக்கும் பாய்கிறது. இக்கரையில் 1985 இலும் 1990 இலும் மூண்ட வன்செயல்களை முதியோர் மறந்திலர். அந்நாட்களிற் குற்றஞ் செய்தவன் யாவன் என்று தேடியவர் சிலர். அவன் எவ்வூரான் என்று தேடியவரே பலர். இரு பக்கத்திலும் கோவலர்கள் மாண்டனர். எத்தனையோ வழக்குகளுக்கு இன்றுவரை அவை கூடவில்லை.

அத்தகைய மண்ணில் வாழும் நாம், துப்பறியும் தொடரைப் பார்க்கும் மாணவரை வீண் பொழுது போக்குவோர் என்று கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. பார்க்கும்போது இரண்டு வினாக்களை எழுப்புமாறு அவரைப் பழக்குவோமாக: இவ்வூர் தன் ஐயத்தை முதலில் யார்மீது எறிந்தது? சான்று எந்த அவையில் வைக்கப்பட்டது? இவ்விரண்டையும் கேட்டுப் பழகியவன், நாளை சந்தியிலே ஒரு வதந்தி பிறக்கும்போதும் அவற்றையே கேட்பான். வைகாசிதோறும் நம் கோயில்களில் வழக்குரை படிப்போர் நமக்கு நினைவூட்டுவதும் அதுவேயாம்.